பேர் வாரியாகப் பூட்டியவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பயந்துபோவார். "எதுக்கு மேடம் வேண்டாத வேல? யாருனா படிச்சிட்டு எங்கனா போயி சொல்லிட்டா இன்னா பண்றது?" என்று கேட்பார். கல்லூரியில் நாங்கள் எல்லோரும் அவரை சிஸ்டம் சார் என்றே கூப்பிட்டோம். சேர்மன் மட்டும் "யோவ் சிஸ்டம்" என்பார். இங்கேயும் அவர் சிஸ்டம் சாராகவே இருக்கட்டும்.

சிங்கப்பெருமாள் கோயிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் கால் மரத்துப்போகும் வரை போனால் எங்கள் தனியார் பொறியியல் கல்லூரி. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நான் அங்கே நூலகர். அவர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். செய்யூர் பக்கத்துக் கிராமம், மணிலாக்கொட்டையும் சவுக்கும் போடுகிற குடும்பம். பாலிடெக்னிக் டிப்ளமா. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர், ஆனால் பார்த்தால் பத்து வயது கூடுதலாகத் தெரியும். பயப்படுகிறவர்களுக்கு முகம் சீக்கிரம் முதிர்ந்துவிடும் போலிருக்கிறது.

அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை நான் சொல்வதே வேடிக்கை. பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். அது கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, பைக்குள் இன்னொரு மூக்குக்கண்ணாடி. அறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மாடிப்படி வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். கேன்டீனில் கதவைப் பார்த்தபடிதான் சாப்பாடு. ஒருநாள் கேலியாகக் கேட்டேன்.

"ஏன் சார், உங்களைப் பிடிக்க யாராவது வர்றாங்களா?"

"அதெல்லாம் இல்ல மேடம். வெளிய போறதுக்கு வழி எங்க கீதுன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் சோறு எறங்கும், அவ்ளோதான்."

அவருடைய அறை முதல் மாடியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. எப்போதும் ஏசி ஓடும். கல்லூரிக்கு வரும் ஒரே இன்டர்நெட் லைன் அங்கே ஒரு கறுப்புப் பெட்டிக்குள் நுழைந்துதான் மற்ற இடங்களுக்குப் போகும். அதன் நெற்றியில் குங்குமம். மேலே சுவரில் அவர் ஊர் கங்கையம்மன் படம். அந்தப் பெட்டியை அவர் ஒருநாளும் வெறும் கையோடு தொட்டதில்லை. அதாவது, தொடுவதற்கு முன் அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்.

நூலகத்துக்கு லைன் வரவில்லை என்று சொல்லப் போன ஒருநாள்தான் அதை முதலில் பார்த்தேன். ஏதோ ஒரு வரியைத் தட்டினார். கையில் கட்டியிருந்த டிஜிட்டல் வாட்ச்சில் அலாரம் வைத்தார். பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். என்ன சார் இது என்றேன்.

"பொட்டிகிட்ட மொதல்லயே சொல்லி வெச்சிடுவேன் மேடம். பத்து நிமிஷத்துல நீயே ஒரு தபா அணைஞ்சி எழுந்துக்கோன்னு. நான் எதுனா தப்பாப் போட்டு என்னியே வெளிய தள்ளிகினாலும் கவல இல்ல. அது எழுந்தா, மின்ன எப்டி இருந்துச்சோ அப்டியே ஆயிடும். எல்லாம் சரியா வந்துட்டா, பத்து நிமிஷம் ஆவறதுக்குள்ள வேணாம்னு சொல்லி நிறுத்திடணும். அதுக்குத்தான் வாட்ச்சி."

"மறந்துட்டா?"

"எழுந்துக்கும். ஆனா நெனப்புல வெச்சிகினு இருந்தது அத்தனியும் பூடும். யாரு வந்தாங்க, எங்க போனாங்கன்னு ஒண்ணும் இருக்காது." சொல்லும்போதே கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஏசியிலும் அவருக்கு வேர்க்கும்.

முன்பு ஒரு கம்பெனியில் இருந்தபோது, இங்கிருந்தபடியே வெளியூரில் இருந்த ஒரு பெட்டியில் ஒரு வரியைப் போட்டாராம். யாரும் உள்ளே வரக்கூடாது என்று. அந்த யாரும் என்பதில் தானும் உண்டு என்று பட்டனைத் தட்டிய பிறகுதான் உறைத்திருக்கிறது. பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சொருக மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறார். "நானே எனக்குக் கதவ சாத்திகினேன் மேடம்" என்று அதை ஒரு சாவுச் செய்தி மாதிரிச் சொன்னார். அன்றிலிருந்து பத்து நிமிஷம் சொல்லிவைக்காமல் எதையும் செய்வதில்லை. எட்டாவது நிமிடம் வாட்ச் கத்தியது. வேணாம் என்று தட்டி நிறுத்திவிட்டு, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒருமுறை ஸ்டாஃப் எல்லோரும் மாமல்லபுரம் போனோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்கள் அலையில் ஆடிக்கொண்டிருந்தோம். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காய்ந்த மணலில் நின்றார். வாங்க சார் என்று கூப்பிட்டால், "வர்ற அலயப் பத்தி ஒண்ணும் இல்ல, திரும்பிப் போற அலதான் பேஜாரு" என்றார். சாயங்காலம் வேனில் ஏறியபோதுதான் தெரிந்தது, தண்ணீரில் இறங்கினவர்களை அவர் எண்ணி வைத்திருந்தார். ஒரு ஆள் குறைகிறது என்று வேனை எடுக்கவிடவில்லை. முகம் வெளுத்து, கடற்கரை முழுக்க ஓடினார். கெமிஸ்ட்ரிக்காரர் சங்குக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் எல்லோரும் சிஸ்டம் சாரைக் கிண்டல் செய்துகொண்டு வந்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எங்களை எண்ணுவதற்கென்று ஒரு ஆள் கரையிலேயே நின்றிருக்கிறாரே என்று தோன்றியது.

எங்கள் கல்லூரியில் பயம் அவருடைய சொந்தச் சொத்து ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேரும் அன்றே ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் அத்தனையையும் வாங்கி சேர்மன் அறைக்குப் பக்கத்தில் இருந்த பச்சை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மூன்று வருடத்துக்குக் கையெழுத்து. நடுவில் வேறு வேலை தேடுகிறோம் என்று தெரிந்தால் முடிந்தது கதை. மெக்கானிக்கல் லெக்சரர் ஒருவர் அப்படி மாட்டி, வேலையும் போய், சர்ட்டிஃபிகேட்டுக்காக மாதக்கணக்கில் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். தினமும் அதே கட்டம் போட்ட சட்டை. அவரைத் தாண்டிப் போகும்போது நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கமாட்டோம். ஒருநாள் பெஞ்ச் காலியாக இருந்தது. கிடைத்துவிட்டதா, கிடைக்காமலே போய்விட்டாரா என்று கேட்கக்கூட எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

அந்த லெக்சரர் போனபிறகுதான் சேர்மனுக்கு அந்த யோசனை வந்தது. யார் எந்த சைட்டுக்குப் போகிறார்கள் என்று ஆள் ஆளாகத் தெரிய வேண்டும். ஆள் ஆளாக அளந்து விட வேண்டும். சிஸ்டம் சார் ஆபீஸிலிருந்து சம்பளப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பாலிசி போட்டார். இவருக்கு இவ்வளவு வேகம், இத்தனை மணி வரை, இன்னின்ன சைட் திறக்கும், இன்னின்னது திறக்காது. வேலை தேடும் சைட் யாருக்கும் திறக்காது. யாராவது போக முயன்றாலோ போனாலோ அவர்கள் பெயர் வாரா வாரம் சனிக்கிழமை காலை சேர்மன் அறை பிரின்டரில் தானாகவே விழும்.

"சேர்மனுக்கு ஜி.எஸ்.டி. ரோடு, எச்.ஓ.டி.ங்களுக்கு ஊரு ரோடு, உங்களுக்கு வரப்பு மேடம்" என்று சொல்லி, புது லாகின் பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்தார்.

"உங்களுக்கு?"

"லேப் அட்டெண்டருக்கு இன்னாவோ அதான் எனுக்கும். அதிகமா வெச்சிகினா யாருனா கேப்பாங்க."

சீட்டில் எஸ்.தேவி என்று இருந்தது. என் பெயர் தேவி. எங்கள் கல்லூரியில் நான்கு தேவிகள். மேத்ஸில் கே.தேவி, லேபில் ஆர்.தேவி, ஆபீஸில் எம்.தேவி, நூலகத்தில் நான். சேர்ந்தபோது நான் அப்பா இனிஷியலோடு ஜி.தேவி. சேர்ந்த இரண்டாம் மாதமே கல்யாணம். எல்லாப் பெண்களையும் போல நானும் ஆபீஸில் எழுதிக்கொடுத்து எஸ்.தேவி ஆனேன். ரிஜிஸ்டரில் மாற்றியது எம்.தேவி. ஆனால் புதுச் சீட்டு வரும்வரை பெட்டிக்குள் நான் ஜி.தேவியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன், அந்தப் பழைய பெயரை யாரும் அழிக்கவில்லை.

ஒருநாள் கைப்பழக்கத்தில் பழைய பெயரைத் தட்டிவிட்டேன். திறந்துகொண்டது. சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர், ஆகவே அதற்குப் பாலிசியும் இல்லை. பாலிசி இல்லாதவளுக்குத் தடையும் இல்லை. வேகமும் சேர்மன் வேகம்.

அப்போது கடலோரத்தில் அணுபுரம் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் நூலகர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். விண்ணப்பம் இன்டர்நெட்டில்தான். என் மூன்று வருடம் முடிய நான்கே மாதம் இருந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது ஒரிஜினல் கையில் இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டால் வராந்தா பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். கணவருக்கு அப்போது வேலை சரியில்லை, அந்த அரசு வேலைதான் எங்களுக்கு வழி. மதியச் சாப்பாட்டு நேரத்தில், நூலகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜி.தேவியாக உள்ளே போய் விண்ணப்பத்தை நிரப்பினேன். பதில் வந்ததா என்று தினமும் போய்ப் பார்த்தேன். பெயர்ப் பட்டியலில் இல்லாதவள் பெயர் சனிக்கிழமைத் தாளில் மட்டும் எப்படி வரும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சிஸ்டம் சார் நூலகத்துக்கு வந்தார். புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்று, கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேடம், உங்க இனிஷியல் இன்னா?"

இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும், சேர்மன்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"எஸ் சார். நீங்கதானே சீட்டு கொடுத்தீங்க."

"அது சரி. அதுக்கு மின்ன?"

"எப்பவும் எஸ்தான் சார்."

மறுபடி கதவைப் பார்த்துக்கொண்டார். "சொம்மா கேட்டேன் மேடம். ஜி.தேவின்னு ஒரு பேரு பொட்டில கீது. யாருன்னு தெரிஞ்சா அதையும் வரப்புல சேத்து, பழசத் தொடச்சி வுட்டுடலாம்னு பாத்தேன். நாளிக்கி தாளு போறதுக்குள்ள."

"எனக்குத் தெரியாது சார்."

"சரி மேடம். தெரியலன்னா நான் இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த மேசையிலிருந்து ஜி.தேவி வருகிறாள் என்று அவருடைய பெட்டியே அவருக்குச் சொல்லியிருக்கும். தெரிந்துதான் வந்தார். என் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைத் துடைத்துவிடத்தான் வந்தார். நான்தான் பயத்தில் அவரையே சேர்மன் ஆளாக்கிவிட்டேன். இது எனக்கு உறைத்தபோது மறுநாள் காலை ஆகிவிட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்கு நான்கு தேவிகளையும் அந்த ஏசி அறைக்கு வரச்சொன்னார்கள். சேர்மன் கையில் தாளோடு நின்றிருந்தார். சிஸ்டம் சார் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா இது ஜி.தேவி? என் காலேஜ்ல அப்டி ஒரு ஆளே இல்ல. ஆனா தெனிக்கும் வந்து வேல தேடிகினு போறா. யாரு?"

எம்.தேவி என் பக்கத்தில் நின்றாள். என் இனிஷியலை மாற்றியவள் அவள். அவள் சுண்டுவிரல் என் கையைத் தொட்டது, பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவள் வாயைத் திறந்தால் நான் தொலைந்தேன். அவள் திறக்கவில்லை.

"சொல்ல வேணாம். யோவ் சிஸ்டம், எந்த சீட்லேர்ந்து வந்தான்னு பொட்டியே சொல்லும்னியே, எடு. நான் இங்கியே நிப்பேன். உன் கையப் பாத்துகினே இருப்பேன்."

"எடுக்கறேன் சார். ஒரு செட்டிங் மாத்தணும். பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் அவருக்கும் எனக்கும்தான் தெரியும். வழக்கமான வரியைத் தட்டினார். வாட்ச்சில் அலாரம் வைத்தார். சேர்மன் அதைப் பலமுறை பார்த்தவர், ஒன்றும் கேட்கவில்லை. சிஸ்டம் சார் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். திரையில் வரிசை வரிசையாக எண்கள் ஓடின. அதில் எங்கேயோ என் மேசை இருந்தது. நான்தான் சார் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் ஒரு குரல். பெஞ்சும் கட்டம் போட்ட சட்டையும் கண்முன் வந்தன.

வாட்ச் கத்தியது. அவர் அதை அமுக்கி நிறுத்தினார்.

"இன்னாய்யா அது?"

"மாத்திர போட்டுக்கற டைமு சார்."

வேணாம் என்று அவர் தட்டவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிடம் போல நீளமான நேரத்தை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. பெட்டியின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. விசிறிச் சத்தம் நின்று, மறுபடி கிளம்பியது.

"இன்னாய்யா ஆச்சி?"

"அணைஞ்சி எழுந்துக்குது சார். நிறுத்த மறந்துட்டேன். உள்ள இருந்தது எல்லாம் பூடுச்சி."

சேர்மன் முகம் சிவந்தது. தாளை நீட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பீரோவத் தொறங்க. நாலு பேரு சர்ட்டிஃபிகேட்டையும் எடுங்க. பொறந்த வூட்டு இனிஷியல் எவளுக்கு ஜின்னு பாத்துடறேன்."

அப்போதுதான் சிஸ்டம் சார் எழுந்து நின்றார். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அது நடிப்பில்லை.

"வேணாம் சார். ஜி.தேவி நான்தான்."

"இன்னா?"

"கங்காதேவி சார். எங்கூரு கங்கையம்மன்." சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "டெஸ்ட்டுக்கு ஒரு யூசர் வேணும்னு ஆத்தா பேர்ல போட்டு வெச்சேன். அதுலதான் நான் வேல தேடினேன்."

சேர்மன் படத்தைப் பார்த்தார், குங்குமம் வைத்த பெட்டியைப் பார்த்தார், நம்பிவிட்டார். அப்படிப்பட்ட ஆள் அப்படித்தான் பெயர் வைப்பான் என்று அந்த அறையில் யாருக்குமே தோன்றியிருக்கும். பத்து நிமிடத்துக்குள் திரும்பி வர வழி வைக்காமல் எதையும் செய்யாதவர், அன்றைக்கு மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். அறையைப் பூட்டி இழுத்துப் பார்க்கக்கூட அவர்கள் விடவில்லை. நான் நூலக ஜன்னலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது ஷேர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். கழுத்தில் ஏதோ கம்பெனியின் அட்டை. சாமான் இறக்குகிற இடத்தில் வேலை என்றார். டிப்ளமா பேப்பர் கையில் இல்லாமல் அதுதான் கிடைத்தது என்று அவராகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகு சொன்னார்.

"சர்ட்டிஃபிகேட் கேட்டீங்களா சார்?"

"கேட்டுகினுதான் கீறேன். குடுப்பாரு." பிறகு ஆட்டோவில் இருந்த மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அந்த இனிஷியல ஒண்ணாக்கிடுங்க. அடுத்த எடத்துலயும் ஒரு பொட்டி இருக்கும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட் திறந்து ஆட்டோ கிளம்பியது. கேட் திறக்காமல் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

மூன்று வருடம் முடிந்த அன்று சேர்மன் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "நல்ல பொண்ணும்மா நீ. நம்பிக்கையான ஆளு" என்றார். ஆபீஸ் மேனேஜர் பச்சை பீரோவைத் திறந்து என் உறையை எடுத்துக் கொடுத்தார். அதற்கடியில் இன்னொரு காக்கி உறை. மேலே சிஸ்டம் சார் பெயர், அவருடைய அந்தச் சின்னச் சின்னக் கையெழுத்தில். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேனேஜர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். பீரோ திறந்தே இருந்தது. சுற்றிலும் வேறு யாரும் இல்லை. கை நீட்டினால் எட்டும். ரயில்வே கேட் பக்கத்தில், கம்பெனி வண்டிக்காகத் தினமும் அவர் நிற்கும் இடம் எனக்குத் தெரியும்.

நான் என் உறையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அணுபுரம் பக்கத்து வேலை எனக்கே கிடைத்தது. சேர்ந்த முதல் நாள், அங்கே நெட்வொர்க் பார்க்கும் பெண் ஒரு சீட்டைக் கொடுத்தாள். என் சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்து லாகின் போட்டிருந்தாள். ஜி.தேவி. மாற்றிக் கொடும்மா என்று கேட்டேன். "சர்ட்டிஃபிகேட்ல இதுதானே மேடம் இருக்கு, இதுதானே நீங்க?" என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன். அந்தக் கேள்விக்கு நான் ஆமாம் சொன்னது அதுதான் முதல் தடவை.